முதலை செத்ததா?

இரண்டு வருடம் முன்பு, தென்காசியிலிருந்து வந்து ஒரகடத்தில் கார் ஒயரிங் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்த புதிது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஹாஸ்டலில் யாரோடும் ஒட்டவில்லை. சனிக்கிழமை சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அண்ணன் பழைய படம் போடுவார். காலை ஷிப்ட்டுக்குப் போகிற எங்களுக்குப் பாதிப் படம். நாங்கள் இறங்கியதும், நைட் ஷிப்ட் முடித்து ஏறுகிறவர்களுக்கு மீதி. எங்களுக்காக மறுநாள் விட்ட இடத்திலிருந்து போடும் வழக்கமெல்லாம் கிடையாது.

வியாழக்கிழமை, எல்லோரும் கொண்டாடும் ஒரு கருப்பு வெள்ளைப் படம். மகனுக்காக ஒரு தாய் சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கிறாள். அருமையான படம்தான், யார் இல்லை என்றது? எனக்கு அம்மா ஞாபகம் வந்து, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட்டில் பிள்ளைப்பாக்கத்தில் ஏறும் அக்கா. கம்பெனியில் நான் நிற்கும் அதே அசெம்பிளி லைன்தான், அதுவரை பேசியதில்லை.

“இன்னா பொண்ணு, படத்துக்கா அழுவுற?”

“இல்லக்கா. நாளக்கழிச்சு ஊருக்கே போயிருதேன்.”



மறுநாள் போட்டது மகா மட்டமான படம். ஹீரோ ரப்பர் முதலையோடு சண்டை போடுகிறார். அது பாட்டுக்கு மிதக்கிறது. அவரே அதன் வாயைத் திறந்து, கையை உள்ளே விட்டுக்கொண்டு அலறுகிறார். முதலையின் வயிற்றில் ஒட்டுப் போட்ட இடம் வேறு பளிச்சென்று தெரிந்தது. நானும் அக்காவும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். இங்கே வந்து நான் சிரித்த முதல் சிரிப்பு அது. முதலை ஹீரோயின் பக்கம் திரும்பும்போது கம்பெனி வந்துவிட்டது. இறங்க மனசே இல்லை.

சனிக்கிழமை காலை கம்பெனி வாசலில், கொட்டாவி விட்டுக்கொண்டு பஸ் ஏற நின்ற நைட் ஷிப்ட் ஆளை அக்கா மடக்கினார்.

“அண்ணே, நேத்து அந்த முதலை செத்துச்சா?”

“யாரும்மா பாத்தா? ஏறுனதும் தூங்கிட்டேன்.”

விசாரித்தால் அத்தனை பேரும் தூங்கியிருக்கிறார்கள்.

“போச்சுடா! அப்ப நீயே சொல்லு, முடிவு இன்னாவா இருக்கும்?” என்றார் அக்கா என்னிடம்.

டீ பிரேக்கில் சொன்னேன். முதலை பஞ்சராகிவிடுகிறது, ஹீரோயின் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறுகிறாள். லைனே சிரித்தது. இன்னொருத்தி வேறு முடிவு சொன்னாள். “திங்கக்கிழம இத்தவிட நல்லதா ஒண்ணு யோசிச்சுகினு வா, இன்னா?” என்றார் அக்கா. அப்போது சூப்பர்வைசர் எங்களைத் தாண்டிப் போனார். நான் டீயைக் குடித்துவிட்டு லைனுக்குப் போனேன்.

லீவுக்கு ஊருக்குப் போனபோது, அந்த நல்ல படத்தை அம்மாவோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டேன். முதலைப் படத்தை மட்டும் இன்றுவரை போனில் தேடவில்லை. அதன் முடிவு தெரியாமல் போனதால்தான் எனக்கு இந்த ஊரில் ஒரு அக்கா கிடைத்தார், அது அப்படியே தெரியாமலே இருக்கட்டும்.