சந்தனத்துக்கு அடியில் ஒரு சொல்

உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு. எங்கள் பட்டறையின் ஸ்வீடன் லேத்துக்கு அதுதான் நெற்றி என்று நாங்களாக முடிவுகட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனமும் குங்குமமும் அப்பினோம். தொண்ணூறுகளில், அவிநாசி ரோட்டில் இருந்த பட்டறை அது. மூடிப்போன மில்லிலிருந்து முதலாளி ஆசையாக வாங்கிப்போட்ட அந்த லேத்தை ஓட்டியவன் நான். மேல்தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் அரைமணியில் பேரிங் கொதித்துவிடும். எல்லாம் என் கைராசி என்று பேச்சு. சனிக்கிழமை லேத்து பழைய இரும்புக்குப் போகிறது, நீயும் வேறு இடம் பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் கைக்குழந்தை.

விற்பனைக்காக மிஷினில் இருந்த எழுத்தையெல்லாம் குறித்தெடுக்க ஸ்டோர்ஸில் கணக்கு பார்க்கும் அம்மணி வந்தார். என்னைவிட இளையவர், வாயாடி, எதையும் பாதியில் விடாதவர். தகட்டுச் சந்தனத்தைச் சுரண்டினால் ‘ஸ்மோர்ய்’ என்று ஒரே ஒரு ஸ்வீடன் சொல், அதன் அடியில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அர்த்தம் தெரியாமல் எழுதமாட்டேன் என்று, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகலெடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டார். அங்கே ஸ்வீடன் அகராதிக்கு எங்கே போவது? தலையணை கனமிருந்த ஆங்கில அகராதியில் வரிவரியாகத் தேடியிருக்கிறார். ‘பூசு’ என்று பொருள்படும் ‘ஸ்மியர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியில், பொடி எழுத்தில் அதன் சொந்தபந்தம் கிடந்தது. ஐஸ்லாந்தில் ஸ்ம்யோர், ஸ்வீடனில் ஸ்மோர், இரண்டும் வெண்ணெய். அதிலிருந்து பிறந்த வினை ‘ஸ்மோர்யா’, எண்ணெய் இடுவது. நம் வெண்ணெயிலும் எண்ணெயிலும் நெய் இருக்கிறதே, அப்படி! அந்த வினையின் வாலை நறுக்கினால் தகட்டில் இருக்கும் கட்டளைச் சொல் என்று மீதியை அவரே ஊகித்துக்கொண்டார்.

சனிக்கிழமை லாரி வாசலில் நின்றது. அம்மணி நேரே முதலாளியிடம் போனார்.

“ஏனுங்க மொதலாளி, அது ‘எண்ணெய் போடு’ன்னு எழுதியிருக்குதுங்க. அம்பு காட்டுற எடத்துல பேரிங்குக்குன்னு தனித் தொளை இருக்கோணுங்க. நாமதான் சந்தனத்தப் பூசிப் பூசி அடைச்சுப்போட்டமுங்க.”

சாமி சமாச்சாரம் என்று எல்லோரும் தயங்க, அவரே கொண்டை ஊசியால் குத்தினார். கல்லாக இறுகிய சந்தனம் கட்டிகட்டியாக வந்தது. காற்றடித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டேன். குடித்தது பாருங்கள், அப்படி ஒரு தாகம்! ஒருமணி நேரம் ஓட்டினேன். முதலாளி பேரிங்மேல் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பினார். அத்தனை பேர் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதேன். இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

முதலாளி எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

“இனி இந்தப் பட்டறையில ஒரு பொட்டு வெக்கறதுன்னாலும், அம்மணியக் கேட்டுப்போட்டு வெய்யுங்க.”