தூக்காத கை

பர்மாவைப் பத்திக் கேளுங்க, பொழுது சாயற வரைக்கும் பேசுவேன். எந்தச் சரிவுல கோவேறு கழுதை முரண்டு பிடிக்கும், மழையில ஊறின சேணக் கயிறை எப்படி அவிழ்க்கணும், ஜுரத்துல கிடக்கற சிப்பாயைக் கழுதை மேல எப்படிச் சாய்ச்சுக் கட்டணும், எல்லாம் நேத்து நடந்த மாதிரி இருக்கு. கும்மிடிப்பூண்டி பக்கம் ஃபாக்டரிங்க வந்த பிறகு அங்கேயும் என்னைக் கூப்பிட்டு மேடையில உட்கார வெக்கறாங்க. நானும் மீசையைத் தடவிக்கினு ரெண்டு கதை சொல்லிட்டு, மாலையை வாங்கிக்கினு வந்துடறேன். என் மக எப்போ நடக்க ஆரம்பிச்சான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. கேட்டிருந்தா என் தம்பியைத்தான் கூப்பிட்டிருக்கணும். இப்போ அவனும் இல்ல.

எங்க ஊரு பொன்னேரிக்குக் கிழக்கே, ஆரணி ஆத்துத் தண்ணியில நெல் விளையற ஊரு. நாங்க அண்ணன் தம்பி ரெண்டு பேர். நிலத்துக்கு ஒரு ஆள் போதும், இன்னொருத்தன் சம்பாதிக்கட்டும்னு நான் பட்டாளத்துல சேர்ந்தேன். அந்தப் பக்கம் தெலுங்கு கலந்த பேச்சு. அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம். எங்க நைனா அதிகம் பேச மாட்டார், கனைப்பார். அந்தக் கனைப்புக்கு வீடே அடங்கும்.

லீவுல வந்து கல்யாணம் பண்ணிக்கினேன். திரும்பப் போனதும் சண்டை பெருசாச்சு, மகளும் பிறந்தா. அவளுக்கு ரெண்டு வயசு இருக்கும்போதுதான் அடுத்த லீவு கிடைச்சுது. ரயில்ல வர வழியெல்லாம் அவளை எப்படித் தூக்கறது, எந்தப் பக்கம் வெச்சிக்கறதுன்னு இதே நினைப்பு. எதிர்ல உட்கார்ந்திருந்த ஒரு அம்மா இடுப்புல புள்ளையை வெச்சிருந்ததை அவ்ளோ நேரம் பார்த்துக்கினு வந்ததுல, அவங்க முந்தானையை இழுத்து மூடிக்கினாங்க. எனக்கு மானமே போச்சு.

எங்க வீட்டுல ஒரு வழக்கம் இருந்துச்சு. எங்க வீட்டுல மட்டும் இல்ல, எங்க ஜனத்துல எல்லார் வீட்டுலயும். பெத்தவங்க எதிர்ல ஒருத்தன் தன் சொந்தப் புள்ளையைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. பொண்டாட்டிகிட்ட நேரா முகம் பார்த்துப் பேசறதும் கூடாது. அது மட்டு மரியாதை இல்லாத வேலை. தம்பி தூக்கலாம், பக்கத்து வீட்டுக்காரன் தூக்கலாம், களத்துல வேலை செய்யறவன் தூக்கலாம். பெத்தவன் மட்டும் பார்த்துக்கினு இருக்கணும்.

நான் வாசப்படி ஏறினப்போ நைனா கூடத்துல சாப்பிட்டுக்கினு இருந்தார். பாப்பா தத்தித் தத்தி வந்து என் பூட்ஸ் கயிறைப் பிடிச்சு இழுத்தா. குனிஞ்சா போதும், எட்டிடும். நைனா ஒரு கனைப்பு கனைச்சார். நான் அட்டென்ஷன்ல நின்னேன். துப்பாக்கி சத்தத்துக்குக் குனிஞ்ச முதுகு அந்தக் கனைப்பைக் கேட்டு மகளுக்குக் குனிய மறுத்துடுச்சு. தம்பி கொல்லையிலேர்ந்து ஓடியாந்து, "வாடி ராசாத்தி, பூட்ஸு அழுக்கு"ன்னு அவளை அள்ளித் தோள்ல உட்கார வெச்சிக்கினான். என் சம்சாரம் அடுப்பங்கரை நிலைப்படியில நின்னு பார்த்துக்கினு இருந்தா.

அந்த லீவு முழுக்க இப்படியேதான் போச்சு. பகல்ல நைனா கூடத்தை விட்டு நகர மாட்டார். ராத்திரி நான் படுக்க வரும்போது பாப்பா தூங்கிப்போயிருப்பா. தூங்கற புள்ளையை எழுப்பினா அழும், அழுதா நைனா முழிச்சிப்பார். பட்டாளத்துக்குத் திரும்பற அன்னிக்கு மட்டும், தூங்கறவ பாதத்தை ரெண்டு விரலால தொட்டேன். காலை இழுத்துக்கினா. அதோட ரயில் ஏறிட்டேன்.

அதுக்கப்புறம் பர்மாக் காட்டுல நான் இருக்கேனா செத்தேனான்னு வீட்டுக்கு ஒரு தகவலும் போகாத காலம் வந்துச்சு. அப்போதான் பாப்பா என் தம்பியை நைனான்னு கூப்பிட ஆரம்பிச்சா. யாரும் சொல்லித் தரல. தெருவுல மத்த புள்ளைங்க, தங்களைத் தோள்ல தூக்கிக்கினு போறவனை நைனான்னு கூப்பிட்டுச்சுங்க. இதுவும் கூப்பிட்டுச்சு. தம்பி பதறிப்போய், "அண்ணி, நான் சித்தப்பான்னு சொல்லிக் குடுங்க"ன்னானாம். என் சம்சாரம், "கூப்டட்டும் தம்பி. அந்த வார்த்தை இந்த ஊட்ல கேட்டுக்கினு இருக்கட்டும்"னு சொன்னாளாம். இதைப் பின்னாடி தம்பிதான் என்கிட்ட சொன்னான். சொல்லிட்டு என் முகத்தையே பார்க்கல.

சண்டை முடிஞ்சும் பட்டாளம் விடல, ஊர் ஊரா அனுப்பினாங்க, லீவும் கிடைக்கல. சுதந்திரம் வந்து சில வருஷம் கழிச்சுதான் பென்ஷனோட ஒரேயடியா வந்து சேர்ந்தேன். நைனா அதுக்கு முன்னாடியே காலமாயிட்டார். கனைக்க ஆள் இல்ல. ஆனா பாப்பாவுக்குப் பத்து வயசு. பத்து வயசுப் பொண்ணை எவன் இடுப்புல தூக்கி வெச்சிப்பான்? அவ என் தம்பி முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கினு என் டிரங்குப் பெட்டியைப் பார்த்தா, என்னைப் பார்க்கல. பெட்டியில அவளுக்குன்னு ஒரு கவுன் வாங்கி வெச்சிருந்தேன். அது ஆறு வயசுப் புள்ளைக்குத்தான் பத்தும். என் மனசுல அவ அவ்ளோதான் வளர்ந்திருந்தா.

அவ என்னை மரியாதைக் குறைவா ஒரு நாளும் நடத்தினதில்ல. தட்டு வெப்பா, தண்ணி வெப்பா. கூப்பிட மட்டும் மாட்டா. "சாப்பாடு ஆச்சு." "வாசல்ல யாரோ வந்திருக்காங்க." "அம்மா வரச் சொன்னாங்க." எல்லாம் தலை இல்லாத பேச்சு. அதே வாய் கொல்லைப் பக்கம் திரும்பி, "நைனா, மாடு அவுத்துக்கினு ஓடுது பாரு"ன்னு கத்தும். எனக்கு அடி வயிறு எரியும். மாட்டு மேல எரியறதா, தம்பி மேல எரியறதான்னு தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எப்படி ஏங்கினேன்னு இப்போ சொல்ல வெக்கமா இல்ல. அப்போ செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏங்கறவன் வீட்டுல இருந்திருக்கணும். நான் இன்னா பண்ணேன்? ஊரைக் கட்டிக்கினு அழுதேன். பொன்னேரி ரைஸ்மில்லுல சூப்பர்வைசர் வேலை. அது போக, சண்டையில புருஷனைப் பறிகொடுத்தவங்களுக்காக ஆபீஸ் ஆபீஸா ஏறுவேன். வெள்ளம் வந்தா கரை உடையாம மூட்டை அடுக்க நான். தேர்த் திருவிழாவுல கூட்டத்தை ஒதுக்க நான். பழவேற்காட்டுல ஒரு மரைக்காயர் வீட்டுப் பையன் மிலிட்டரியில சேரணும்னா, அவனை நிக்க வெச்சு மார்பு அளக்கவும் நான். காலையில நாஷ்டா துன்னுட்டு சைக்கிளை எடுத்தா, விளக்கு வெச்ச பிறகுதான் திரும்புவேன். எல்லாருக்கும் நான் 'மிலிட்டரி'. கூப்பிடற குரலுக்கு ஓடறது சுலபமா இருந்துச்சு. கூப்பிடாத வீட்டுல உட்கார்றதுதான் கஷ்டம்.

சாயங்காலம் நான் சைக்கிள் ஸ்டாண்டு போடற சத்தம் கேட்டா, உள்ளே சிரிச்சுக்கினு இருந்தவங்க சட்டுனு அடங்குவாங்க. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்க நைனா ஞாபகம் வரும். அவர் கனைச்சார், நான் ஸ்டாண்டு போட்டேன், அவ்ளோதான் வித்தியாசம்.

என் சம்சாரம் ஒருநாள் சோறு போட்டுக்கினே கேட்டா. "ஊர்ல எல்லார் ஊட்டு வேலையும் பார்க்கறீங்க. நம்ம ஊட்டுக்கு எப்போ வருவீங்க?"

"தெனம் வந்துக்கினுதானே இருக்கேன்?"

"சோத்துக்கு வரீங்க," ன்னா. குரலை உயர்த்தல. குழம்பை ஊத்திட்டுப் போய்ட்டா.

எனக்குக் கோபம் வந்துச்சு, பாதிச் சோத்துல எழுந்து கை கழுவிட்டேன். அவ சொன்னது நிஜம்ன்றதாலதான் அவ்ளோ கோபம். மறுநாளும் சைக்கிளை எடுத்துக்கினு போனேன்.

பாப்பாவுக்குக் கல்யாணம் கூடிவந்துச்சு. மாப்பிள்ளைக்குப் பெரம்பூர்ல வேலை. வீட்டு வாசல்லயே பந்தல் போட்டோம். கல்யாணத்தை நான் பட்டாளம் நடத்தற மாதிரி நடத்தினேன். ஸ்டேஷன்ல மாட்டு வண்டிங்க தயார், காய் நறுக்க ஆள் தயார், பந்திக்கு இலை தயார். முகூர்த்த நேரத்துல நான் கோட்டை அடுப்புகிட்ட நின்னுக்கினு, சாம்பார்ல புளி தூக்கலா இருக்குன்னு சமையல்காரனைப் பிடிச்சுக் காய்ச்சிக்கினு இருந்தேன். பந்தல்ல ஐயர், "பொண்ணைப் பெத்தவங்க வாங்கோ"ன்னு கூப்பிட்டிருக்கார். பந்தல்ல இருந்த பாதிப் பேரு என் தம்பியைத் திரும்பிப் பார்த்திருக்காங்க.

தம்பி அடுப்புகிட்ட ஓடியாந்தான். "இன்னாண்ணா பண்ணிக்கினு கீற? தாரை வார்க்க உன்னைத் தேடறாங்க."

"நீயே உட்காருடா," ன்னேன். "நீதானே வளர்த்த. அவளுக்கும் அதான் பிரியம்." பெருந்தன்மையா சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. உள்ளே அத்தனையும் புளிப்பு.

அவன் என்கிட்ட ஒருநாளும் கோபமா பேசினதில்ல. அன்னிக்கு என் கையைப் பிடிச்ச பிடியில எலும்பு நொந்துச்சு. "எல்லாரும் வளர்க்கச் சொன்னீங்க, வளர்த்தேன். குடுக்கச் சொல்லாத அண்ணா. அது என்னால ஆவாது," ன்னான். அவன் கண்ணு செவந்திருந்துச்சு. அப்போதான் எனக்கு உறைச்சுது. இத்தனை வருஷமா அவனால எனக்கு இன்னா கிடைக்கலன்னே பார்த்தேன். அவனுக்கு இன்னா போகப் போவுதுன்னு ஒரு நாளும் பார்க்கல.

மணையில போய் உட்கார்ந்தேன். என் உள்ளங்கை மேல பாப்பா கையை வெச்சாங்க, அதுல ஒரு தேங்காய். சந்தனம் பூசின கை, சில்லுனு இருந்துச்சு. அவ முழிச்சிருக்கும்போது நான் அவளைத் தொட்டது அதான் முதல் தடவை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருக்கணும்னு இருந்துச்சு. சம்சாரம் சொம்பைச் சாய்ச்சு தண்ணி ஊத்தினா. ஊத்த ஊத்த அந்தக் கையை மாப்பிள்ளை கையில கொடுத்துடணும். கொடுத்தேன். எனக்குக் கிடைச்ச உடனேயே அது எனக்கில்லாம போச்சு. சாயங்காலம் ஸ்டேஷன்ல தம்பி கழுத்தைக் கட்டிக்கினு அழுதா. என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "போய்ட்டு வரேங்க"ன்னா. விருந்தாளிகிட்ட சொல்ற மாதிரி.

அடுத்த வருஷம் தலைப் பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்தா. ஆண் குழந்தை. பேர் வெக்கற அன்னிக்குச் சம்பந்தி வீட்டார் வந்தாங்க. கூடத்துல, எங்க நைனா உட்கார்ற அதே இடத்துல, சம்பந்தி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை நேரா வந்தார், முத்தத்து ஓரமா பாய்ல கிடந்த குழந்தையைக் குனிஞ்சு எடுத்தார், அதோட வயித்துல மூக்கை வெச்சு உரசினார். அவரைப் பெத்தவர் எதிர்லயே. நான் கனைப்பு வரும்னு காத்திருந்தேன். சம்பந்தி திரும்பிப் பார்த்து, "வெயில்ல நிக்காதடா, புள்ளைக்குக் கண்ணு கூசும்"னார். அவ்ளோதான். வெத்தலை போட ஆரம்பிச்சுட்டார்.

இவ்ளோதானா? ஒரு தடவை குனியறது. அதுக்கா நான் ஒரு ஜென்மத்தைத் தோத்தேன்? அன்னிக்குப் பூட்ஸ் கயிறை இழுத்தப்போ நான் குனிஞ்சிருந்தா எங்க நைனா இன்னா பண்ணியிருப்பார்? ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு இருந்திருப்பார்.

வாசல்ல சைக்கிள் நின்னுது. பொன்னேரியில ஒரு கூட்டம், என்னை எதிர்பார்ப்பாங்க. நான் துண்டை எடுத்துத் தோள்ல போட்டேன். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? "இந்தாங்க மாமா"ன்னு குழந்தையை என் கையில வெச்சுட்டார்.

மூட்டை தூக்கின கை, கழுதை கட்டின கை, அடிபட்ட ஆளைச் சுமந்த கை. அந்த ரெண்டு படி பாரத்தை எங்கே தாங்கறதுன்னு அதுக்குத் தெரியல. விறைச்சுக்கினு நின்னேன். கழுத்து நிக்காத குழந்தை, தலை ஒரு பக்கமா தொங்கிச்சு. உள்ளேர்ந்து பாப்பா ஓடியாந்தா.

"நைனா, தலையைப் புடி. தலையைப் புடி."

நான் திரும்பி என் தம்பியைப் பார்த்தேன். பழக்கம். அந்த வார்த்தை கேட்டா அவனைத்தான் பார்க்கணும்.

தம்பி தூணோரம் நின்னுக்கினு இருந்தான். "என்னை இன்னாண்ணா பார்க்கற? புள்ள உன் கைல கீது," ன்னான்.

அதுக்குள்ள பாப்பா என் மணிக்கட்டைப் பிடிச்சு, உள்ளங்கையை விரிச்சு, குழந்தை தலைக்கு அடியில கொண்டுபோய் வெச்சா. அவ முகத்துல பிரியம் இல்ல, பயம் இருந்துச்சு. புள்ளையைப் பிடிக்கத் தெரியாத ஒருத்தன் கையில தன் புள்ளை இருக்குன்ற பயம். இவ்ளோ வருஷம் கழிச்சு என்னை நைனான்னு கூப்பிட வெச்சது அந்தப் பயம்தான். நான் அன்னிக்குக் கூட்டத்துக்குப் போகல. அவ வெச்ச இடத்துலேர்ந்து கையை எடுக்காம நின்னுக்கினு இருந்தேன்.