தம்பிக்குப் பிடுங்கிய பல்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நாலாம் வகுப்பு அறைக்குள் எத்தனை ஜன்னல் என்றுகூட எனக்குத் தெரியாது. பதினோரு வயதில் மரம் தூக்கப் போனேன். இருபத்தெட்டு வயதில் மரம் அறுக்கும் மில்லுக்கு முதலாளி ஆனேன். ஒரு கட்டையைக் கையால் தட்டிப் பார்த்தே உள்ளே பொக்கையா கெட்டியா என்று சொல்லிவிடுவேன். படித்த இஞ்சினியர்கள் வந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறெதற்கு. ஆனால் எழுத உட்கார்ந்தது என் தம்பியைப் பற்றி.

ஊரில் அவனைக் கிலோ என்பார்கள். எங்கள் ஊர் ரோட்டு முனையில் லாரி எடை போடும் மேடை ஒன்று இருக்கிறது. தரையோடு தரையாக ஒரு பெரிய இரும்புத் தட்டு, பக்கத்தில் சின்ன அறை, அறைக்குள் ஒரு நாற்காலி, எண் காட்டும் பெட்டி, சீட்டு அச்சடிக்கும் மெஷின். அந்த நாற்காலியில் இருபது வருஷம் உட்கார்ந்தான். சக்கரம் அழுந்துவதைப் பார்த்தே லாரி எத்தனை டன் என்று சொல்லிவிடுவான். பெட்டி காட்டுகிற எண் நூறு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அவனுக்குப் பெண் பார்க்கப் போன அன்று, "பொண்ணு புடிச்சிருக்கான்னு அவனைக் கேக்காதீங்க, எடையைச் சொல்லிடுவான்" என்று மாமா சொல்ல, உள்ளே இருந்த பெண்ணே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகவே கட்டிக்கொண்டான் என்று நினைக்கிறேன். அவன் வாயைத் திறந்து எதையும் சொல்கிறவன் இல்லை.

எங்கள் ஊரில் இரண்டு பக்கம். கால்வாய்ச் சங்கத்துக்கு யார் தலைவர் என்பதில் ஆரம்பித்தது. பிறகு எதற்கென்றே இல்லாமல் நடந்தது. இரண்டு டீக்கடை, இரண்டு சலூன், இரண்டு சைக்கிள் கடை. எங்கள் பக்கத்துக்கு நான்தான் தலை. அடுத்த பக்கத்து ஆளுக்கு எங்கள் ஆள் யாரும் வேலை செய்யக் கூடாது, அவன் பொருளைத் தொடக் கூடாது என்று கட்டளை போட்டதும் நான்தான். என் சொல்லை மீறி அந்த ஊரில் ஒரு சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்டதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஆறே காலுக்கு, கால்வாய்ப் பாலத்தருகே, அடுத்த பக்கத்துப் பம்பு மெக்கானிக்கை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். தடுக்க ஓடிய அவர் மனைவிக்கும் தோளில் வெட்டு. வெட்டியது எங்கள் பக்கத்துச் சலூன்காரன். மெக்கானிக்கின் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தது செங்கல் என்று நாங்கள் கூப்பிடும் சூளைக்காரன். இதை அவனே என்னிடம் சொன்னான். நான் ஏவி நடந்ததில்லை. ஆனால் நான் இருக்கிற தைரியத்தில்தான் நடந்தது.

போலீசில் அந்த அம்மாள் ஆறு பேரைச் சொன்னார். சலூன்காரன் வெட்டினான், கிலோ கையைப் பிடித்தான், செங்கலும் இன்னும் மூன்று பேரும் சுற்றி நின்றார்கள் என்று. எங்கள் பக்கங்களில் புகார் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. தலைவன் வீட்டிலிருந்து ஒரு ஆளையாவது சேர்க்க வேண்டும். அந்த நேரத்தில் நான் பத்திர ஆபீசில் அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதனால் தம்பி. இதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு அடிதடியில் நாங்கள் கொடுத்த பட்டியலில் இருந்த ஒருவன், அப்போது கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

போலீஸ் வருவதற்கு முன் தம்பியை மில்லின் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் கேட்டேன்.

"ஆறே காலுக்கு எங்கடா இருந்தே?"

"எடைமேடையிலதாண்ணே."

"ஆறு மணிக்குப் பூட்டிடுவியே."

"பூட்டிட்டுத் திரும்பத் தொறந்தேன். ஒரு லோடு வந்துச்சு."

"யார் லோடு?"

"அந்தப் பக்கத்துதுண்ணே. ரெண்டு வருஷமா சாயங்காலம் போட்டுக் கொடுக்கிறேன். இல்லைன்னா இருபது மைல் சுத்திப் போகணும் அவங்க."

"என் கட்டளை உனக்குத் தெரியாதா?"

"எடைக்கு ஏதுண்ணே பக்கம்?"

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஆனால் வெளியே இதைச் சொல்ல விடவும் இல்லை. என் வீட்டுப் பிள்ளையே என் சொல்லை மீறினான் என்று கோர்ட்டில் ஏறிச் சொன்னால் அதன் பிறகு எனக்கு ஊரில் என்ன இருக்கிறது? அந்த லாரி டிரைவர் எதிர்ப்பக்கத்து ஆள், எப்படியும் நமக்காகச் சொல்ல மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்க் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் டவுனில் இருந்தார். அவர் மாடிக்கு மரப்படி போட்டுக் கொடுத்தவன் நான். அன்று சாயங்காலம் என் தம்பி தன்னிடம் பல் பிடுங்கிக்கொண்டான் என்று நோட்டில் எழுதிச் சீட்டும் கொடுத்தார். ஆனால் இந்தச் சீட்டை நான் வாங்குவதற்குள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மாதம் ஜெயிலில் இருந்து ஜாமீனில் வந்தான். வந்த வாரமே அவனை அந்த டாக்டரிடம் கூட்டிப் போனேன். சீட்டு இருந்தால் போதுமா, பல் இல்லாமல் இருக்க வேண்டாமா?

"நல்ல பல்லுண்ணே" என்றான் நாற்காலியில் சாய்ந்தபடி.

"நல்ல பல்லுதான். நாளைக்கு ஜட்ஜ் வாயைத் தொறன்னா என்ன பண்ணுவே?"

"உள்ளதைச் சொல்லிட்டா வாயை மட்டும் தொறந்தாப் போதுமே."

டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டார். கீழ்க் கடைவாய்ப் பல். வேர் கெட்டியாக இருந்ததால் அரை மணி நேரம் ஆனது. திரும்பும்போது என் வண்டியில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மரத்துப்போன பக்கத்து உதட்டில் எச்சில் ஒழுகியது அவனுக்கே தெரியவில்லை. நான்தான் துண்டால் துடைத்துவிட்டேன்.

விசாரணையில் சர்க்கார் வக்கீல் ஒரே ஒரு தாளை எடுத்தார். ஜெயிலுக்குள் போகிற ஒவ்வொருவனையும் அங்கே இருக்கும் டாக்டர் பார்த்து, மச்சம், தழும்பு, உடம்பில் உள்ள குறை எல்லாம் எழுதி வைப்பார்களாம். நாற்பத்தைந்து வயது வரை ஜெயில் வாசல் மிதிக்காத எனக்கு அது எப்படித் தெரியும்? கொலை நடந்து நாலாம் நாள் எழுதிய அந்தத் தாளில், பற்கள் முப்பத்திரண்டும் முழுமை என்று இருந்தது.

சர்க்கார் வக்கீல் பல் டாக்டரைப் பார்த்துக் கேட்டார். "ஏன் டாக்டர், நீங்க புடுங்கின பல்லு ஜெயில்ல போய் மொளைச்சுடுச்சா? வெளியே வந்ததும் மறுபடி விழுந்துடுச்சா?"

கோர்ட்டே சிரித்தது. எங்கள் வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். தம்பி கூண்டில் வாயை மூடிக்கொண்டு நின்றான். ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை.

அப்பீல் போட்டோம். பெரிய கோர்ட்டில் எங்கள் கேஸ் கட்டு ஐந்து வருஷம் கிடந்தது. ஐந்தாம் வருஷம் ஒரு பெரிய வக்கீலம்மாவை வைத்தேன். அறை முழுக்கப் புத்தகம், மேஜை மேல் ஒரு தூசி கிடையாது. எங்கள் கட்டை இரண்டு நாள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பல்லு கதை இருக்கட்டும். அவர் நெஜமா எங்க இருந்தார்?"

இதை என்னிடம் முதன்முதலில் கேட்டது அவர்தான். ஒரு வக்கீலும் அதுவரை கேட்டதில்லை. சொன்னேன்.

"ஏன் அப்பவே சொல்லலை?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "ரெண்டு பேர் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கணும். ஒண்ணு, அந்த லாரி டிரைவர். இன்னொண்ணு, பல்லு கதையைக் கட்டினவர். பொய் சொன்னது உங்க தம்பி இல்லை, சொல்ல வெச்சது நீங்கன்னு வரணும். உங்க மேலயும் கேஸ் வரலாம். கோர்ட் இதையெல்லாம் ஏத்துக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

ஊருக்கு வந்து நாற்பது நாள் சும்மா இருந்தேன். மில்லுக்குப் போனேன், வந்தேன். நாற்பத்தொன்றாம் நாள் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்கு நடந்தேன். பதினெட்டு வருஷத்தில் அந்தத் தெருவில் என் கால் பட்டதில்லை.

"என்னப்பா, மில்லு மொதலாளிக்கு வழி தப்பிடுச்சா?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

"ஸ்டூல் போடுங்கப்பா. நின்னா நம்மளைவிட ஒசரமாத் தெரியுறார்" என்றார் இன்னொருவர்.

உட்கார்ந்தேன். டிரைவர் லாரிக்கு அடியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எனக்கு வயதில் சின்னவர்தான். எழுந்து நின்று பேசினேன்.

"நீங்க தம்பிக்காக ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கணும்."

"எந்த வார்த்தை?"

"ஆறே காலுக்கு அவன் எடைமேடையிலதான் இருந்தான்னு."

"இருந்தாரே. எனக்கு எடை போட்டார். ஒன்பது டன் நானூறு." கையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "விசாரணை நடந்தப்போ ரெண்டு நாள் கோர்ட் வாசல்ல நின்னேன் பெரியவரே. என் பக்கத்து ஆளுங்க கண்டா தோலை உரிச்சிருப்பாங்க. யாராவது கூப்பிடுவீங்கன்னு நின்னேன். நீங்க ரெண்டு தடவை என்னைத் தாண்டிப் போனீங்க."

எனக்கு அவரைப் பார்த்த ஞாபகமே இல்லை.

"அந்தச் சீட்டு இருக்கா?"

"ஓனர்கிட்டக் கொடுத்தேன். அதெல்லாம் எப்பவோ போச்சு."

எடைமேடையில் மெஷினையும் மாற்றியிருந்தார்கள். ஆக, வெறும் வாய்ச்சொல். எழுதிக் கொடுத்தார். நானும் எழுதிக் கொடுத்தேன். கட்டளை போட்டவன் நான், அதை மீறியது தெரியக் கூடாது என்று பொய் கட்டியவன் நான், நல்ல பல்லைப் பிடுங்க வைத்தவன் நான் என்று வக்கீலம்மா சொல்லச் சொல்ல அவர் குமாஸ்தா டைப் அடித்தார். படித்துக் காட்டினார்கள். ஒரு எழுத்தும் மாற்றச் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் நான் அழகாகப் போடுவேன்.

இரண்டு நீதிபதிகள். மூத்தவர் என் தாளைத் தூக்கிப் பார்த்தார். "முதலில் பல், இப்போது லாரி. இவர் ஒரு கோர்ட்டில் பொய் சொன்னதாகச் சத்தியம் செய்கிறார். அதனாலேயே இந்தக் கோர்ட்டில் நாங்கள் இவரை நம்ப வேண்டும் என்கிறாரா?" வக்கீலம்மா ஒரு மணி நேரம் நின்று பேசினார். நான் பின் வரிசையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு இறக்கை லேசாகக் கோணியிருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு. சுற்றி நின்றார்கள் என்று மட்டும் சொல்லப்பட்ட நாலு பேர் விடுதலை. வெட்டுப்பட்ட பெண் பொய் சொல்ல வேண்டியதில்லை, வெட்டியவனையும் பிடித்தவனையும் பெயர் சொல்லிச் சொல்கிறாள், அதற்கு மேல் இந்த எதிரி, அதாவது என் தம்பி, வேறிடத்தில் இருந்ததாகப் பொய்ச் சாட்சி கொண்டுவந்ததே அவன் மேல் சந்தேகத்தைக் கூட்டுகிறது என்று எழுதியிருந்தார்கள். சலூன்காரனுக்கும் என் தம்பிக்கும் தண்டனை உறுதி. என் மேல் நடவடிக்கை பற்றித் தனியாக முடிவு செய்வோம் என்று கடைசியில் ஒரு வரி. அது பற்றிய கடிதம் இன்னும் வரவில்லை.

விடுதலையான நாலு பேரையும் ஜெயில் வாசலிலிருந்து என் வேனில்தான் கூட்டி வந்தேன். கூட்டி வருவதாக முன்பே சொல்லியிருந்தேன், சொன்ன சொல் மாறியதில்லை. செங்கல் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தான். கையைப் பிடித்தவன் அவன் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பாதி தூரம் வந்ததும் வாயைத் திறந்தான்.

"ஜன்னலைக் கொஞ்சம் தொறக்கட்டுமாண்ணே?"

"தொற."

திறந்தான். காற்று வந்தது.

தம்பி வீட்டுக்கு நான் போனபோது அவன் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு பேர் வந்துட்டாங்களாமே" என்றாள்.

"ஆமாம்மா."

"உக்காருங்க மாமா. இந்தக் காலரை முடிச்சுடறேன்."

முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் முடித்தாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் மேலே ஒரு கோர்ட் இருக்கிறது. தொண்ணூறு நாளுக்குள் போக வேண்டும், தம்பி கையெழுத்து வேண்டும் என்றார் வக்கீலம்மா. தாளை எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போய், மனு எழுதிப் போட்டு அவனைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. என்னைவிட ஒன்பது வயது சின்னவன்.

"வார்டர்கிட்டத் தாள் கொடுத்திருக்கேன். கையெழுத்துப் போடு."

"வேண்டாண்ணே."

"ஏன்டா?"

"அங்க போனாலும் பல்லைத்தான் கேப்பாங்க."

"நான் வந்து சொல்றேன். எத்தனை பேர் முன்னாடி வேணும்னாலும் சொல்றேன்."

"சொல்லிட்டியேண்ணே, தாள்ல. வக்கீலம்மா படிச்சுக் காட்டினாங்க." ஸ்டூலை வலைப்பக்கம் நகர்த்தினான். "நல்லா எழுதியிருந்தே."

பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும், வேலைக்குச் சேர்த்தபோதும், ஜாமீன் எடுத்தபோதும் அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டியது நான். நான் விரல் வைத்த இடத்தில் அவன் போடுவான், என்னவென்று கேட்க மாட்டான். இப்போது நடுவில் வலை இருந்தது. வார்டர் நேரம் ஆனதென்றார். தாள் வெறுமையாகத் திரும்பி வந்தது. பிறகு நாலு தடவை போனேன். நாலு தடவையும் அப்படியே வந்தது. ஐந்தாம் தடவை தாளைக் கொண்டுபோகவில்லை. மழை பெய்ததா என்று கேட்டான். பெய்தது என்றேன்.

தொண்ணூறாவது நாள் செவ்வாய்க்கிழமை. குளித்தேன், சாப்பிட்டேன், மில்லுக்குப் போனேன். ஐந்து மணிக்கு வக்கீலம்மாவின் குமாஸ்தா போன் செய்து, ஆபீசை மூடப் போகிறோம், கையெழுத்து வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்றார்.