அழிறப்பரால் நான் அழித்த வரி

செடிகொடி வரைவதுதான் என் தொழில். கொரோனா ஊரடங்கில் சனம் வீட்டுக்குள் சலித்துக் கிடக்க, மட்டக்களப்பு வாவிக்கரை மரஞ்செடிகளை வரைந்து எங்கள் ஒழுங்கை வீட்டுக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் நாளுக்கொன்றாகப் போட்டேன். எல்லாரும் "நல்ல வடிவு" என்று எழுத, எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் தில்லை மரத்தின் சிவந்த இலைக்கொத்தை வரைந்தேன். "இதன் பால் கண்ணில் படக்கூடாது" என்று அடியில் பென்சிலால் எழுதியது படத்தைக் கெடுப்பதுபோல் இருந்தது. அழிறப்பரால் அழித்துவிட்டுப் போட்டேன். இங்குள்ள சனத்துக்குத் தெரியாததா என்று நினைத்தேன்.

வவுனியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்து வீட்டு மச்சாளுக்குத் தெரியாது. மறுநாள் ஊரடங்கைத் தளர்த்திய நேரம் வாவியோரம் போய், பூச்சாடியில் வைக்க ஒரு கொப்பு முறித்திருக்கிறா. அந்தக் கையாலேயே முகத்து வியர்வையைத் துடைத்திருக்கிறா.

"மச்சாள், ஓடி வாங்கோ! கண் எரியுது, ஒண்டும் தெரியேல்ல!" என்று வேலிக்கு அப்பால் நின்று என்னைக் கூப்பிட்டா.

தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவி, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். கண்ணில் கட்டோடு இருந்த நாட்களில் சோறு ஊட்டியது நான்தான். "உங்கட படத்தைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டன்" என்று சிரித்தா. அழித்ததை நான் சொல்லவில்லை. பார்வை திரும்பிய பிறகும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் எச்சரிக்கையை முதலில் மையால் எழுதிவிட்டுத்தான் படத்தைத் தொடங்குகிறேன்.

இதை எழுதி அனுப்பும் இந்தச் சஞ்சிகையை மச்சாளும் மாதாமாதம் வாங்குகிறா. வாசிக்கட்டும்.