கலந்தர் காக்கா வைத்த இருட்டு

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் கலந்தர் காக்கா புதுவீட்டு வளவுக்குள் இறங்கிவிடுவார். கையில் ஒரு மூங்கில் கம்பு. அதன் நுனியில் ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிய டோர்ச் லைட். கம்பை எலுமிச்சை மரத்தடியில் ஊன்றுவார், கிணற்றுக்கட்டின்மேல் சாய்ப்பார், பிறகு கேட்டுக்கு ஓடிப்போய் அங்கிருந்து திரும்பிப் பார்ப்பார். வளவுக்கு எங்கெங்கே பல்ப் போடுவது என்று திட்டம் நடந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் எனக்கு அந்த நாட்களில் தொலைக்காட்சி தேவைப்படவில்லை.

கல்முனை பசாரில் புடவைக்கடை வைத்திருக்கிறார். அவர் சாறனை விரித்துக் காட்டும்போது, நெய்தவர் தவறவிட்ட இழை எப்படியோ உள்மடிப்புக்குப் போய்விடும். காக்கா பொய்யே சொல்லமாட்டார் என்று வாடிக்கையாளர்கள் சத்தியம் செய்வார்கள். உண்மைதான். சொல்லமாட்டார், மடிப்பார்.

மகள் நிஹ்லாவுக்குக் கட்டிய வீட்டில்தான் மடிக்க முடியாத இடம் ஒன்று வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே பெண்ணைப் பார்க்கிற கண்ணோடு வீட்டையும் பார்ப்பார்கள். முன்பக்கம் பூச்சு, பெயின்ட், பூவேலைக் கிராதி என்று ஒரே அமர்க்களம். வலப்பக்கத்து நீளச் சுவரோ, சீமெந்துக்கு வழியில்லாமல் கல்லும் கலவையுமாகப் பல்லிளித்துக்கொண்டு நின்றது. வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். பகலில் தனக்குக் கடை இருக்கிறது, மஃரிபுக்குப் பிறகு வரட்டும் என்றார் காக்கா. வெள்ளிக்கிழமை அவர் கடை பூட்டு என்பது ஊருக்கே தெரியும்.

ஒத்திகை தினமும் நடந்தது. மனைவி சபூறா மாப்பிள்ளையின் உம்மாவாகக் கேட்டிலிருந்து நடந்து வரவேண்டும். அவளும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சம்பந்தியின் மிடுக்கோடு வந்து, சுவர் தெரிகிறது என்று குற்றம் சொல்வாள். காக்கா கம்பை மாற்றி ஊன்றுவார். ஒருநாள் சலித்துப்போய், பேசாமல் ஒரு படங்குத் துணியை இழுத்து மூடுங்கள் என்றாள்.

"வெளிச்சம் வெக்கிறது லேசு, புள்ள" என்றார் காக்கா. "இருட்ட வெக்கிறதுதான் வேல."

ஒருவழியாகப் பல்புகள் ஏறின. எலுமிச்சைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, வாசற்படிக்கு இரண்டு. சும்மா சொல்லக்கூடாது, கேட்டில் நின்று பார்த்தால் வீடு கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. சுவர் இருந்த இடத்தில் சுவரே இல்லை. பொறாமையில் எனக்கு அன்று தேநீர் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அயலவன் என்ற உரிமையில் நானும் வாசலில் நின்றேன். காக்கா மரியாதைக்காகக் கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தார். ஒத்திகையில் சபூறா எப்போதும் நடந்துதான் வந்தாள். வந்தவர்கள் வேனில் வந்தார்கள். கேட்டுக்குள் நுழைந்து திரும்பிய வேனின் இரண்டு லைட்டும் நேரே அந்தச் சுவரில் போய் விழுந்தன. கல்லைக் கல்லாக எண்ணலாம். சபூறா வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிஹ்லா அதை முகம்வரை இழுத்துக்கொண்டாள்.

காக்கா வேனுக்கு முன்னால் பாய்ந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். பின்னுக்கு எடுக்கச் சொன்னார், இடப்பக்கம் ஒடிக்கச் சொன்னார், இன்னும் கொஞ்சம் என்றார். வெளிச்சம் எலுமிச்சை மரத்தில் வந்து குந்திய பிறகுதான் கையை இறக்கினார். சாரதி பாவம், நிறுத்த இடம் காட்டுகிறார் என்றே நினைத்திருப்பார்.

மாப்பிள்ளையின் உம்மா சபியா உம்மா இறங்கினார். இருட்டாகிவிட்ட அந்தப் பக்கத்தையே கொஞ்சநேரம் பார்த்தார்.

"எங்கட மூத்தவளுக்குக் கட்டின ஊட்டுலயும் பின்சுவர் பூசல்ல, காக்கா. அந்தப் பக்கம் நாங்க பல்பே போடுறல்ல."

காக்கா மதிலில் சாத்தியிருந்த கம்பை எடுத்து டோர்ச்சை அவிழ்த்தார். பூசாத சுவரின் ஒரு மூலையில் வெளிச்சத்தை வைத்து, கடையில் சாறனை விரிப்பதுபோல, மறுமூலை வரைக்கும் மெல்ல மெல்லக் கொண்டுபோனார்.