காயத்தில் அப்பிய சேறு

ஊர் ஊராகக் கூலிவேலை செய்பவன் நான். மாங்குளத்தில் வரப்புக் கட்டும்போது மண்வெட்டி காலில் பட்டது. வழக்கம்போல வயல் சேற்றையே அப்பி இரத்தத்தை நிறுத்தினேன். அடுத்த வாரம் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தன. களைப்பென்று படுத்துவிட்டேன்.

வயல்காரி அக்கா என் சிவந்த கண்களைப் பார்த்தார். "எழும்பு தம்பி, இது எலிக்காய்ச்சல் போல கிடக்கு! நீ செத்தா என்ர வரப்பை ஆர் கட்டுறது?" என்று உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

"எலி மூத்திரம் கலந்த சேத்தையோ காயத்துக்குப் பூசினனீர்? பிந்தியிருந்தா சிறுநீரகம் போயிருக்கும்," என்றார் டொக்டர்.

பிழைத்து வந்த அன்று அக்கா கோழிக்கறி சமைத்தார். நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, "காய்ச்சல்காரனா இருந்தாலே செலவு குறைவு," என்று சிரித்தார்.

இப்போது காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன். வயலில் இறங்குமுன் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை வாங்கி விழுங்குகிறேன். அக்காவின் வரப்பையும் கட்டி முடித்துவிட்டேன்.