வெள்ளைத் துணி கட்டிய ஓட்டப்பாதை

சைக்கிளின் முன்சக்கரக் கம்பியில் கட்டிய துணிமுடிச்சு, சக்கரம் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் ஃபோர்க்கில் பட்டு "டப்" என்று அடிக்கும். ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே எங்கள் ஊர் நெருப்பெரிச்சலின் காட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிப் போனேன். பள்ளியில் மைதானம் இல்லாததால், தரிசுக் காடுகளின் ஊடே நாலு கிலோமீட்டர் ஓட்டப்பாதை அளக்கலாம் என்று பி.டி. டீச்சர் முடிவு செய்திருந்தார். சக்கரம் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்பதை முதலில் டேப் வைத்துப் பார்த்துக்கொண்டோம். "வளைவுல உள்பக்கம் ஒட்டியே தள்ளு கண்ணு, ஓடறவ சுத்திப் போகமாட்டா" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் பின்னால் வந்தார்.

பனியன் கம்பெனியில் "செக்கிங்" வேலை பார்த்த அம்மாவுக்கு இது சிரிப்பாக இருந்தது. "ஏங்கண்ணு, ஓடறதுக்குமா டேப் புடிக்கறாங்க?" என்றாள். ஆனாலும், ஓடுகிறவர்களுக்கு அடையாளமாக வழிநெடுகக் கட்டுவதற்கு ஒரு பை நிறைய வெள்ளை "கட்டிங் வேஸ்ட்" துணித்துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மண்டலப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த ஒருத்தியும் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எனக்குப் போட்டி என் வகுப்புத் தோழி சுதா மட்டுமே.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டத்தன்று சுதா முன்னால் போனாள். கிணற்று மேட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவள், எதிர் வேலி முள்ளில் ஆடிய வெள்ளைத் துணியைப் பார்த்து நேராக ஓடினாள். அது நாங்கள் கட்டியதல்ல, பக்கத்துக் கம்பெனியிலிருந்து காற்றில் வந்து சிக்கியது. எங்கள் ஊரில் வேலி என்றாலே வேஸ்ட் துணி தொங்கும் என்பது, இங்கேயே பிறந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. சைக்கிள் தள்ளிய வழி எனக்கு மனப்பாடம். திரும்பினேன், முதலில் வந்தேன்.

சாயப்பட்டறை வாசல்வரை போய்த் திரும்பிய சுதா மூச்சிரைக்க வந்து நின்றாள். "ஏண்டி, வழி தெரிஞ்சவ ஒரு சத்தம் குடுக்கக்கூடாதா?"

"ரேஸ்ல போட்டிக்கு ஓடறவளைக் கூப்புட்டு யாராச்சும் வழி சொல்லுவாங்களாடி?" என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "இது செல்லாது கண்ணு. நாளைக்கு மறுபடி ஓடுங்க."

அன்று மாலை துணிகளையெல்லாம் அவிழ்த்துவிட்டு, திருப்பங்களில் சுண்ணாம்புத் தூளால் அம்புக்குறி போட்டேன்; கோபத்தில் கொஞ்சம் பெரிதாகவே. மறுநாள் அவற்றை மிதித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடிய சுதா, கடைசிவரை முன்னாலேயே ஓடினாள். மண்டலப் போட்டிக்கு அவள்தான் போனாள்.

இப்போது நான் உடற்கல்வி ஆசிரியை. அந்தக் காட்டில் வரிசையாகப் பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டுகள் நிற்கின்றன. கிணற்று மேடும் இல்லை, அந்தத் திருப்பமும் இல்லை. சுதாவின் அன்றைய நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில், அதே நாலு கிலோமீட்டர் தூரத்தை மைதானத்தில் நான் எத்தனையோ தடவை ஓடிவிட்டேன். பார்க்கும்போதெல்லாம் அவளிடம் சொல்வேன். "அதெல்லாம் வேற பாதைடி" என்கிறாள். பாதை அளக்கத் தெரிந்தவள் நான்; அதனால் மறுக்க முடிவதில்லை.